ரோபோ சத்திரசிகிச்சை: சொல்லும் பொருளும்

புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகும் மட்டக்களப்பு, கல்முனைக் குடும்பங்களுக்கு ‘ரோபோட்டிக் சேர்ஜரி’ என்ற பெயர் அங்கே காதில் விழும். இயந்திரம் தானாக வெட்டுமோ என்ற பயமும் கூடவே வரும். வெட்டாது.

‘ரோபோ’ செக் மொழி தந்த சொல். கரேல் சாபெக் 1920இல் எழுதிய ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தில் வந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். மூலச்சொல்லான ‘ரொபோட்டா’வுக்குக் கட்டாய ஊழியம் என்று பொருள். இலங்கையில் அரசனுக்குச் செய்யவேண்டியிருந்த இராசகாரியம் அதற்குக் கிட்ட வரும். ‘சத்திரசிகிச்சை’யில் வரும் ‘சத்திரம்’ வெட்டும் கருவியைக் குறிக்கும் ‘சஸ்திர’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். வழிப்போக்கர் தங்கும் சத்திரம் வேறு. தமிழகத்தார் ‘அறுவை’ என்பர்.

அமெரிக்காவில் 2000இல் அனுமதி பெற்ற டா வின்சிதான் அதிகம் பேசப்படும் இயந்திரம். வயிற்றில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் துளைகள் மூன்று நான்கு இடுவார்கள். காபனீரொட்சைட்டு வாயுவை 12–15 மி.மீ. இரச அழுத்தத்துக்குச் செலுத்தி உள்ளே இடம் உண்டாக்குவார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் சற்றுத் தள்ளி அமர்ந்து, முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி பிடிகளை அசைப்பார்; துளைவழியே நுழைந்த கருவிகளைப் பிடித்திருக்கும் இயந்திரக்கைகள் அதன்படி அசையும். அவர் கை 3 சென்ரிமீற்றர் நகர்ந்தால் கருவிமுனை 1 சென்ரிமீற்றர் நகரும்படி வைக்கலாம். கைநடுக்கம் வடிகட்டப்படும். முனை மணிக்கட்டுப்போல் திரும்புவதால் இடுப்புக்குழியின் ஒடுங்கிய இடத்தில், குறிப்பாகப் புரொஸ்டேட், மலக்குடல் கட்டிகளில், நரம்பை ஒதுக்கித் தைப்பது இலகு.

ஆகவே இதைத் ‘தானியங்கி’ என்பது பிழை. ‘இயந்திர மனிதன்’ சிரிப்புக்கிடம். ‘இயந்திரக்கைச் சத்திரசிகிச்சை’ என்பதே நடப்பதைச் சொல்லும். பேச்சில் ‘ரோபோ ஒப்பரேஷன்’ என்றாலும் குற்றமில்லை.

பெரிய குறை தொடுகை. பல மாதிரிகளில் இழுவையின் அளவு விரலுக்குத் தெரியாது. கண்ணால் கணிக்கவேண்டும், கூடினால் நூல் அறும், தசை கிழியும். மின்கத்தரியின் காப்புறை பழுதானால் பக்கத்துக் குடல் சுடும். அந்தச் சூடு சில நாட்களின் பின்னரே கசிவாகத் தெரியவரலாம். இடுப்புக்குழி வேலைக்குத் தலையை 25–30 பாகை வரை தாழ்த்திக் கிடத்துவதால் முகம் வீங்கும், கண்ணழுத்தம் ஏறும்; குளுக்கோமா (கண்ணழுத்த நோய்) உள்ளவர் முன்பே சொல்லவேண்டும். பெரிய இரத்தக்குழாய் கிழிந்தால் இயந்திரக்கைகளை உடனே கழற்றி வயிற்றைத் திறக்கவேண்டும். அந்த ஒத்திகை இல்லாத குழுவிடம் போகவே கூடாது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் இன்னும் கவனம் வேண்டும். 2018இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஆரம்பநிலையில் துளைவழியாகச் சத்திரசிகிச்சை பெற்றவர்களைவிட வயிற்றைத் திறந்து பெற்றவர்களுக்கே நோய் திரும்புவது குறைவாக இருந்தது. துளைவழிக் குழுவில் ரோபோவும் அடங்கும்.

‘சைபர்நைஃப்’ என்பதையும் இதோடு குழப்புகிறார்கள். அது ரோபோக் கையில் பொருத்திய கதிர்வீச்சுக் கருவி. வெட்டும் இல்லை, தையலும் இல்லை.