கிளைமேட் ஸ்டார்ட்டப்பில் இன்டர்ன்ஷிப்பா? முதலில் வீட்டுக் கரண்ட் பில்லைப் படியுங்கள்

எங்கள் ஸ்டார்ட்டப்புக்கு வரும் ஒவ்வொரு இன்டர்ன் பேட்ச்சிலும் இது நடக்கிறது. இந்த முறை கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் கூரையில் இருக்கும் 100 கிலோவாட் சோலார். அதன் ஒரு நாள் உற்பத்தியைக் காட்டும் பக்கத்தை எழுதும்படி இன்டர்ன் தம்பியிடம் கொடுத்திருந்தோம். அவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது ‘என் கோட்-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கையைத் திறந்தால், ‘இன்றைய உற்பத்தி 4,800 யூனிட்’ என்று பச்சை எழுத்தில் மின்னுகிறது. டெஸ்ட் எல்லாம் பாஸ். டிசைனும் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. எண் மட்டும்தான் நடக்கவே முடியாதது.

சூரியன் நகராமல் 24 மணி நேரமும் உச்சியிலேயே நின்றாலும் அந்தக் கூரையால் 2,400 யூனிட்டைத் தாண்ட முடியாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் 400 சொச்சம் வரவேண்டும். பன்னிரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது? பேனலின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் இன்வர்ட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இப்போது இத்தனை கிலோவாட்’ என்று சொல்கிறது. மணிக்குப் பன்னிரண்டு அளவுகள். தம்பி அத்தனையையும் அப்படியே கூட்டிவிட்டார்.

அவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. அல்காரிதம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். ஆனால் கிலோவாட்டும் யூனிட்டும் ஒன்று என்ற நினைப்பு பொறியியல் படித்து வருகிறவர்களிடம் இப்படிப் பரவியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் சற்று நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிலோவாட் என்பது அந்த நேரத்து வேகம். யூனிட், அதாவது உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லில் இருக்கும் கிலோவாட்-மணி, ஓடி முடித்த தூரம். பைக் ஓட்டும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பீடாமீட்டரைப் பார்த்து 40, 45, 50 என்று எழுதி, கடைசியில் கூட்டி ‘இத்தனை கிலோமீட்டர் வந்தேன்’ என்று யாராவது சொல்வார்களா? 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 1 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அதே 1 யூனிட். ஐந்து நிமிடம் 60 கிலோவாட்டில் ஓடிய சோலார் தந்தது 60 யூனிட் அல்ல, 5 யூனிட். நேரத்தால் பெருக்க வேண்டும். சிலர் கிலோவாட்டுக்கும் மணிக்கும் நடுவே வகுத்தல் குறி போட்டு எழுதுகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். வகுக்காதீர்கள், பெருக்குங்கள். இன்வர்ட்டரே மொத்தக் கணக்கை வைத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம்: மாலை அளவில் காலை அளவைக் கழியுங்கள். இன்வர்ட்டரை மாற்றினால் அந்தக் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு பக்கத்தில் ஒரு எண் தப்பினால் என்ன என்று கேட்கலாம். இந்த எண் அங்கேயே நிற்பதில்லை. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்குப்படி நம் கிரிட் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 280 கிலோ மிச்சப்படுத்திய ஆலை, நம் திரையின்படி 3,360 கிலோ மிச்சப்படுத்தியிருக்கும். பங்குச்சந்தையில் பட்டியலானவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் இத்தகைய விவரங்களை ஆண்டறிக்கையோடு தரவேண்டும் என்பது 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டாயம். அவர்களுக்கு நூல் விற்கும் ஆலையிடமும் அந்தக் கேள்வி வரும். ஆலை நம் திரையைத்தான் காட்டும். ஆடிட்டர் கேட்கும்போது ‘டெஸ்ட் பாஸ் ஆச்சே’ என்று சொல்ல முடியாது.

அப்புறம், வந்த முதல் நாளே ‘ஏஐ மாடல் எப்போ ட்ரெயின் பண்ணுவோம்?’ என்ற கேள்வி. பண்ணலாம். அதற்கு முன் அந்த டேட்டாவோடு கொஞ்சம் குடித்தனம் நடத்துங்கள். வானிலை டேட்டா பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும். நமக்கு அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் வித்தியாசம், ஐந்து அல்ல. பெரிய சோலார், காற்றாலைகள் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 ஆகப் பிரித்து முன்கணிப்பு தருகின்றன. வரம்பு மீறி விலகினால் பணம் கட்ட வேண்டும். அரை மணி தப்பினால் இரண்டு துண்டு தப்பும். வெயில் மளமளவென்று ஏறும் காலை எட்டு மணிக்கு அந்த இரண்டு துண்டு யாரோ ஒருவரின் காசு.

காலியாக இருக்கும் இடத்திலெல்லாம் பூஜ்ஜியத்தை நிரப்பும் அந்த ஒரு கோட் வரியை, தயவுசெய்து, கேட்காமல் போடாதீர்கள். ராத்திரி இன்வர்ட்டர் தூங்குகிறது, அளவு வராது, சரி. மத்தியானம் சிம் கார்டுக்கு சிக்னல் இல்லாமல் அளவு வரவில்லை என்றால், அது பூஜ்ஜியமா? வெயிலை அளக்கும் பைரனோமீட்டர் இரவில் மைனஸ் 2, மைனஸ் 3 என்று காட்டினால் பதற வேண்டாம். வானத்தை நோக்கி வெப்பம் இழப்பதால் வருவது, கருவி கெடவில்லை. ஆலை மீட்டர்களில் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) விகிதம் என்று ஒன்று உண்டு, பெரிய கரண்ட்டை மீட்டருக்காக எத்தனை மடங்கு குறைத்திருக்கிறார்கள் என்பது. 400/5 என்றால் படித்ததை 80-ஆல் பெருக்கவேண்டும். சில மீட்டர்கள் தாங்களே பெருக்கிவிடும், சில பெருக்காது. இதை எந்த மாடலும் ஊகிக்காது. ஆலையின் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த போனைப் போடத்தான் எல்லோருக்கும் கூச்சம்.

இனி, சேரும் முன். ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங், சர்டிபிகேட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். பணம் கட்டிச் சேர்வது இன்டர்ன்ஷிப் அல்ல. வெப்சைட்டில் மரக்கன்று படம் இருப்பதால் அது கிளைமேட் நிறுவனம் ஆகிவிடாது. இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள்: உங்களுக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் யார், டேட்டா எந்தக் கருவியிலிருந்து வருகிறது, என் கோட்-ஐப் படித்துத் திருத்தப்போவது யார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் யோசியுங்கள். ஸ்டைபெண்ட் எவ்வளவு, எத்தனை மாதம் என்பது மெயிலில் வரட்டும், வாய்ப்பேச்சு வேண்டாம்.

சேர்ந்த பின் ஏபிஐ சாவியை, அதாவது டேட்டாவை எடுக்கும் ரகசியக் குறியீட்டை, கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால் அழித்தால் போதாது, பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், இருக்கும். உடனே சொல்லுங்கள், சாவியை மாற்றிவிடலாம், யாரும் கடிக்க மாட்டோம். வாடிக்கையாளரின் மின்அளவு ஃபைலை சாட்பாட்டில் ஒட்டி ‘இதை கிளீன் பண்ணு’ என்று கேட்காதீர்கள். எந்த ஷிஃப்ட் ஓடியது, எந்த வாரம் ஆலை நின்றது என்பதெல்லாம் அந்த ஃபைலில் அப்பட்டமாகத் தெரியும். பக்கத்து ஆலைக்காரர் காசு கொடுத்து வாங்கக்கூடிய விஷயம் அது.

ஒருமுறையாவது சைட்டுக்குப் போக வாய்ப்புக் கேளுங்கள். போனால் ஷூ போட்டுப் போங்கள், தனியாகக் கூரை ஏறாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கால் வைக்கக் கூடாது. டிசி ஒயரையும் கனெக்டரையும் தொடவே கூடாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும் வரை பேனலிலிருந்து வரும் ஒயரில் பல நூறு வோல்ட் நின்றுகொண்டிருக்கும். போட்டோ எடுக்க வேண்டுமானால் கீழே நின்று எடுங்கள்.