இரும்பில்லாத நிக்கல்: 3ஐ/அட்லஸ் வால்மீன் காட்டிய வேதியியல்

"3ஐ/அட்லஸ் வால்மீனில் நிக்கல் இருக்கிறதாம், இரும்பு இல்லையாம். அப்படியானால் அது யாரோ செய்து அனுப்பிய கலம்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 3ஐ/அட்லஸ் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த வால்மீன். கேள்வியின் முதல் பாதி சரி. 2025 ஜூலை, ஆகஸ்டில் சிலியின் விஎல்டி தொலைநோக்கி எடுத்த நிறமாலையில் (ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்த பதிவில்) நிக்கல் அணுவின் கோடுகள் இருந்தன, இரும்பின் கோடுகள் இல்லை.

வெயில் பட்ட வாயு எந்த அலைநீளத்தில் ஒளிர்கிறது என்பதை வைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறோம். கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரானில் ஒளிரும். நம் காற்றில் உள்ள அதே வாயு அந்த ஒளியை விழுங்கிவிடும்; விண்வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 6 அன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது ஒரு நீர் மூலக்கூறுக்குச் சுமார் 8 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வெளிவந்துகொண்டிருந்தன. உள்ளே இருக்கும் பனியின் கலவையே இதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சூரியனிலிருந்து 3.3 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) தூரத்தில் நீர்ப்பனி சரிவர ஆவியாகாது. கார்பன் டை ஆக்சைடுக்கு அந்தச் சூடே தாராளம்.

நிக்கலுக்கு வருவோம். அது கொதிக்க 2,700 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். வால்மீனில் நிக்கல் முதலில் தென்பட்ட இடத்திலோ வெப்பம் ஏறத்தாழ மைனஸ் 130 டிகிரி. உலோகமாக ஆவியாக வழியே இல்லை. ஆனால் ஒரு நிக்கல் அணு நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டால் நிக்கல் டெட்ராகார்பனைல் ஆகிவிடும். பூமியில் 43 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் அது. வெற்றிடத்தில் இன்னும் எளிதாகக் கிளம்பிவிடும். 1890இல் லுட்விக் மோண்ட் கண்ட சுத்திகரிப்பு முறையும் இதுவே: 50, 60 டிகிரியில் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தினால் நிக்கல் வாயுவாக வெளியேறும், இரும்பு பெரும்பாலும் தங்கிவிடும், அந்த வாயுவை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சுத்தமான நிக்கல் படியும். வால்மீனின் நிக்கல் 'ஆலை வேலை' என்று யூடியூபில் ஓடுவது இதை வைத்துத்தான். இரும்பின் கார்பனைல் கொதிப்பது 103 டிகிரியில். ஆகவே குளிரில் நிக்கல் முந்திக்கொள்கிறது. வெளியே வந்ததும் புற ஊதா ஒளி அந்த மூலக்கூறை உடைக்க, தனி நிக்கல் அணு ஒளிர்கிறது. கார்பனைலையே நேரில் பிடிக்கவில்லை என்பதால் இது இன்னும் விளக்கம்தான், நிரூபணம் அல்ல.

ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய விளக்கம். இது சரியென்றால் சூரியனை நெருங்கும்போது இரும்பும் வர வேண்டும். வந்தது. சுமார் 2.6 வானியல் அலகில் இரும்பின் கோடுகள் தெரிந்தன. நெருங்க நெருங்க இரும்போடு ஒப்பிட்ட நிக்கலின் விகிதம் இறங்கியது. உலோகத் தகட்டில் செய்த கலம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். சூரியனில் இரும்பு நிக்கலைவிட 15 மடங்குக்கும் மேல். நம் சொந்த வால்மீன்களின் வாயுவிலோ இரண்டும் ஏறக்குறைய சமம் என்று 2021இலேயே தெரிந்துவிட்டது. அதே ஆண்டு, 3ஐ போலவே வெளியே இருந்து வந்த 2ஐ/போரிசோவ் வால்மீனிலும் நிக்கல் வாயு இருந்ததாக அறிவித்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பல நூறு கோடி ஆண்டுகளாக அண்டக் கதிர்கள் தாக்கினால் மேல்பரப்பில் 15, 20 மீட்டர் ஆழம் வரை கார்பன் மோனாக்சைடு டை ஆக்சைடாக மாறக்கூடும் என்கிறது ஒரு கணக்கு. அது சரியானால் வெப் அளந்தது 3ஐ பிறந்த இடத்தின் பனியை அல்ல, பயணத்தில் வெந்த மேல்தோலை.