கக்கூஸ் எந்த ஊர்ச் சொல்?

ஓட்டலில் தாத்தா "கக்கூஸ் எங்கப்பா இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டால் பேரப்பிள்ளைக்கு மானம் போகிறது. "டாய்லெட்னு சொல்லுங்க தாத்தா" என்று காதோரமாகத் திருத்துகிறது. கொச்சைத் தமிழ் என்று நாம் ஒதுக்கும் இந்தச் சொல் தமிழே இல்லை. டச்சு.

டச்சு மொழியில் 'கக்' என்றால் மலம், 'ஹௌஸ்' என்றால் வீடு. சேர்த்துச் சொன்னால் 'கக்ஹௌஸ்'. வீட்டை 'ஹூஸ்' என்று சொல்லும் வட்டார வழக்குகள் நெதர்லாந்தில் இன்றும் உண்டு. அப்படிச் சொல்லிப் பாருங்கள், நம்முடைய கக்கூஸ் வந்துவிடும்.

டச்சுக்காரர்களை நம் முன்னோர் ஒல்லாந்தர் என்றார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டவர்கள், 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இலங்கைக் கரையோரம் 1796 வரை அவர்கள் பிடியில் இருந்தது. அலுவலகத்தைக் கந்தோர் என்றும் பீன்ஸைப் போஞ்சி என்றும் இலங்கைத் தமிழர் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். ஒல்லாந்தர் போன இடமெல்லாம் கக்கூசும் போயிருக்கிறது: சிங்களத்தில் கக்குஸ்ஸிய, இந்தோனேசியாவில் காகுஸ். மூட்டை மூட்டையாகக் கறுவாப்பட்டையை ஏற்றிக்கொண்டு போனவர்கள் பதிலுக்கு விட்டுச்சென்றது இதை!

அந்தச் சொல் இவ்வளவு தாழ்ந்துபோனதற்கு அதன் டச்சுப் பொருள் காரணமில்லை, அது இங்கே யாருக்கும் தெரியாது. 'எடுப்புக் கக்கூஸ்' என்ற பெயரைக் கேட்டவர்களுக்குக் காரணம் புரியும். மனிதரே மனிதர் மலத்தை அள்ளிச் சுமந்த ஏற்பாடு அது. 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் போட்டுத் தடுக்கவேண்டியிருந்தது. அந்த நாற்றம் சொல்லிலும் ஒட்டிக்கொண்டது.

சரி, சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது புதிதா என்ன? நம் இலக்கணம் அதற்கு இடக்கரடக்கல் என்று பெயரே வைத்திருக்கிறது. கால் கழுவி வருகிறேன், கொல்லைக்குப் போகிறேன், வெளிக்குப் போகிறேன் எல்லாம் அந்த வகை. ஆங்கிலமும் இப்படித்தான். 'டாய்லெட்' பிரெஞ்சில் ஒரு சிறு துணியைக் குறித்த சொல். அப்புறம் அலங்கார மேசை, அலங்கார அறை என்று நகர்ந்து கடைசியில் இங்கே வந்து உட்கார்ந்தது. இப்போது அதுவும் கூச்சமாகி ரெஸ்ட்ரூம் ஆகிவிட்டது. அங்கே போய் யார் ஓய்வெடுக்கிறார்களோ!

தமிழில் என்ன சொல்லலாம்? இலங்கையில் பலகைகளில் மலசலகூடம் என்று இருக்கும். ஒளிவுமறைவு இல்லாத சொல், ஆனால் பேச்சுக்குக் கொஞ்சம் கனம். தமிழ்நாட்டில் கழிப்பறை, கழிவறை இரண்டும் புழங்குகின்றன. கழிவறை என்றால் கழிவு கிடக்கும் அறை என்றாகிவிடுகிறது. கழிப்பறை என்றால் கழிப்பதற்கான அறை. என் ஓட்டு கழிப்பறைக்குத்தான். பொது இடத்தில் இருந்தால் கழிப்பிடம். கட்டணக் கழிப்பிடப் பலகைகள் இதை எப்போதோ சரியாக எழுதிவிட்டன.