பேரீச்சம்பழ டப்பாவும் 8.4 ஹீமோகுளோபினும்

சர்க்கரையோடு ரத்தசோகையும் சேர்ந்து வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். 60 வயது அம்மா, 14 வருடமாகச் சர்க்கரை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மகன் கூட்டிவந்தார். ஹீமோகுளோபின் 8.4. "ரத்தம் கம்மின்னு தெரியும் டாக்டரம்மா. ஒரு வருஷமா டானிக் குடிக்கிறேன். ராத்திரி ஆறு பேரீச்சம்பழம், காலையில பீட்ரூட் ஜூஸ்" என்றார். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று நான் கேட்க வேண்டியே இருக்கவில்லை.

சரி, அந்தப் பேரீச்சம்பழக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுவோம். 100 கிராம் பழத்தில் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். சர்க்கரையோ 60 கிராமுக்கு மேல். சாதாரண இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 முதல் 100 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்த அளவைப் பழத்தில் எடுக்க வேண்டுமானால் கிலோக்கணக்கில் தின்ன வேண்டும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பது அவற்றின் சாயத்தால். ரத்தம் சிவப்பாக இருப்பது ஹீமோகுளோபினால். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேரட் ஜூஸ் குடித்தால் ஆரஞ்சு ரத்தமா ஊறுகிறது? இதில் இன்னொரு வம்பும் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு பேரீச்சை, பீட்ரூட், மாதுளை மூன்றிலும் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம்.

அந்த அம்மாவின் சிறுநீரகம் பழுதாகித்தான் இருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 1.6. "கொஞ்சம்தான் கூட" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 60 வயதுப் பெண்ணுக்கு 1.6 என்றால் வடிகட்டும் திறன் 40-க்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யவில்லை.

ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே இந்தச் சுரப்பு மந்தமாகிவிடுகிறது. இதை ரத்தத்தில் அளந்து பார்க்கும் தேவை பெரும்பாலும் வராது. அளந்தாலும் 'நார்மல்' என்று வருவதை நம்பிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 8-ல் இருக்கும்போது அது பல மடங்கு எகிறியிருக்க வேண்டும். வீடு பற்றி எரிகையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நிற்கிற மாதிரிதான் அந்த நார்மல்.

உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இப்படித்தான் ஏமாற்றும். இவருக்கு 180. "இரும்பு போதுமான அளவு இருக்கு மேடம்" என்று மகன் ரிப்போர்ட்டைக் காட்டினார். ஆனால் அம்மாவின் காலில் ஆறாத புண் இருந்தது. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். கல்லீரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோனும் கூடிவிடும். அது கிடங்கில் இருக்கும் இரும்பையும் பூட்டிவிடும், குடல் வழியே வரும் இரும்புக்கும் கதவைச் சாத்திவிடும். பிறகு டானிக் குடித்து என்ன பயன்? ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் எவ்வளவு இரும்பு ஏறியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவைப் பார்த்தோம், 14 சதவீதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது 20-க்குக் கீழே இருந்தால், மஜ்ஜைக்குப் போதிய இரும்பு போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். எனவே ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றினோம்.

ரத்தசோகைக்கு இன்னொரு காரணம் பி12 வைட்டமின் குறைவு. அதைக் குறைக்கக்கூடிய மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்கள் பி12 பார்த்தே ஆக வேண்டும். கூடவே தினம் ஒரு கேஸ் மாத்திரையும் போடுபவர்கள் என்றால் கட்டாயம். பாதம் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுகிறோம், பாதிப் பழி பி12 மேல் இருக்கலாம். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறுவது போலத் தெரியும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தசோகை இருக்கும்போது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணை அப்படியே நம்பாதீர்கள். இரும்புக் குறைவில் அது கூடுதலாகக் காட்டலாம். எரித்ரோபொயட்டின் ஊசி போட்ட பிறகும், ரத்தம் ஏற்றிய பிறகும் குறைத்துக் காட்டலாம். வீட்டில் குத்திப் பார்த்த அளவுகளையும் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு: வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின் பாருங்கள். ஆணுக்கு 13-க்குக் கீழும் பெண்ணுக்கு 12-க்குக் கீழும் போனால் காரணத்தைக் கேளுங்கள், டானிக்கைக் கேட்காதீர்கள். மூட்டுவலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அது வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ஆண்களுக்கும் உண்மையான இரும்புக் குறைவு என்றால் குடலைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. எண்டோஸ்கோப்பி என்றதும் எழுந்து ஓடிவிடாதீர்கள், ப்ளீஸ். அங்கே புற்றுநோய் ஒளிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். ஹீமோகுளோபின் 10.1. மாடி ஏற முடிகிறதாம். பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுக்கும்போது பாதி காலியான பேரீச்சம்பழ டப்பாவும் எட்டிப் பார்த்தது. நான் முறைத்ததும் சொன்னார்: "மக வாங்கிக் குடுத்தது டாக்டரம்மா, வீணாப் போகுதேன்னுதான்..."