ஜாமீன் கேட்கும் நேரத்தில் சாட்சி வீட்டில் உங்களுக்கு என்ன வேலை?

போன வாரம் ஒரு கொலை வழக்கில் ஜாமீன் மனு தள்ளுபடியானது. பையன் மூன்றாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாவது பெயர். அவன் கையில் ஆயுதம் இருந்ததாக எஃப்.ஐ.ஆரில்கூட இல்லை. முன்வழக்கு கிடையாது, ரிமாண்ட் ஆகி 50 நாளுக்கு மேல். நம்பிக்கையோடுதான் போனேன். விசாரணைக்கு முந்தின நாள் அவனுடைய பெரியப்பா பழம் வாங்கிக்கொண்டு சாட்சி வீட்டுக்குப் போயிருக்கிறார். "பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்று மட்டும்தான் சொன்னாராம். மறுநாள் அந்தச் சாட்சி கொடுத்த புகார் அரசு வழக்கறிஞர் கையில் இருந்தது. அதற்கு மேல் நான் என்ன வாதாட?

இந்த வருடம் இது எனக்கு மூன்றாவது.

"அவன் செய்யவே இல்லைன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க சார்" என்பார்கள். சொல்கிறேன். ஆனால் செய்தானா இல்லையா என்பது ஜாமீன் மனுவில் முடிவாகிற விஷயமே இல்லை. சாட்சி இன்னும் கூண்டேறவில்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை. நீதிபதி முன்னால் இருப்பது எஃப்.ஐ.ஆர், போலீஸிடம் சொன்ன வாக்குமூலங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, கேஸ் டைரி. அவற்றை வைத்து முகாந்திரம் இருக்கிறதா, குற்றம் எவ்வளவு கடுமையானது என்று பார்ப்பார். அப்புறம் அவருடைய கவலையெல்லாம் வேறு: இவனை வெளியே விட்டால் ஓடிவிடுவானா, சாட்சியைக் கலைப்பானா, மறுபடி ஏதாவது செய்வானா? 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டது. பெரியப்பா அந்த இரண்டாவது கேள்விக்கு அவராகவே போய்ப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இறந்தவர் வீட்டாரும் இதையே தலைகீழாகக் கேட்கிறார்கள்: "கொலைகாரனுக்கு எப்படி ஜாமீன்?" ஜாமீன் கிடைத்தவன் நிரபராதி ஆகிவிடவில்லை. கிடைக்காதவன் குற்றவாளியும் இல்லை. வழக்கு அப்படியேதான் நிற்கிறது.

போதைப்பொருள் வழக்கு மட்டும் தனி ரகம். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-வது பிரிவு குறுக்கே வரும். இவன் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் குற்றம் செய்யமாட்டான் என்று நீதிமன்றத்துக்கே திருப்தி வர வேண்டும். சுலபமாக வராது.

சரி, 90 நாள் கணக்கு. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமைதான். ஆனால் 91-வது நாள் சிறைக் கதவு தானாகத் திறக்காது. மனு போட வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகைக்கு முன்னால். சென்னையிலிருந்து போன போதைப்பொருள் வழக்கு ஒன்றில் கெடு முடிந்த மறுநாள் காலையில் மனு போட்டார்கள், அதே நாள் மாலையில் அதிகாரிகள் கூடுதல் புகாரை (அந்த வழக்கில் அதுதான் குற்றப்பத்திரிகை மாதிரி) தாக்கல் செய்தார்கள். மனு முந்திவிட்டதால் உரிமை போகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், "அடுத்த வாரம் பார்க்கலாம்" வேண்டாம்.

முன்பு வேறு வக்கீல் மூலம் மனு போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நான் அதை மனுவில் எழுதியே ஆக வேண்டும். "சிங்கம் வெளியே வருது" என்று ஸ்டேட்டஸ் வைக்கும் தம்பிமார்களே, தயவுசெய்து கொஞ்ச நாள் போனைக் கீழே வையுங்கள். ஜாமீன் வந்தபின் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதை ஒரு நாள்கூட விடாதீர்கள், அதையே காட்டி ரத்து கேட்பார்கள்.

நேற்று அந்தப் பெரியப்பா மறுபடி போன் செய்தார். "வக்கீல் சார், சாட்சி வீட்டுக்கு ஒரு எட்டுப் போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்துரட்டுமா?"

வேண்டாம் ஐயா. அந்தத் தெருப் பக்கமே போகாதீர்கள்.