அலியா: குடியேற்றத்துக்குள் ஓர் ஏற்றம்

இஸ்ரேல் செய்திகளில் ‘அலியா செய்தார்கள்’ என்று அடிக்கடி வரும். சிங்களம் தெரிந்தவர்களுக்கு யானை நினைவுக்கு வரலாம். அந்த அலியா வேறு. இது எபிரேயச் சொல், பொருள் ‘ஏறுதல்’. யூதர்கள் இஸ்ரேலில் போய்க் குடியேறுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

எருசலேம் ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். ஆண்டுக்கு மூன்று பண்டிகைக்கு அங்கே போன யாத்திரிகர்கள் நிஜமாகவே மேடேறித்தான் போனார்கள். தமிழ் பைபிளில் 120 முதல் 134 வரையுள்ள பாடல்களுக்கு ‘ஆரோகண சங்கீதம்’ என்று தலைப்பு இருக்குமே, அதன் எபிரேய மூலத்திலும் இதே வேர்தான். யூதர்களின் ஜெப ஆலயத்தில் அவர்கள் வேதமான தோராவை வாசிக்க மேடைக்கு அழைக்கப்படுவதும் அலியாதான்.

1882இல் தொடங்கிய குடியேற்ற அலைக்கு ‘முதல் அலியா’ என்று பெயர். 1950இல் வந்த ‘திரும்பிவரும் சட்டம்’ உலகின் எந்த யூதரும் இஸ்ரேலில் குடியேறலாம் என்றது. 1970 திருத்தம் அதைப் பேரப்பிள்ளைகள் வரை நீட்டியது. 1948இல் அதே மண்ணை இழந்த பாலஸ்தீனர்களுக்கு அப்படியொரு வழி இல்லை. ஆக, அலியா ஒரு தரப்பின் பார்வையைச் சுமந்து வரும் சொல்.

வருகிறவர் ஓலே, பன்மையில் ஓலிம். நாட்டை விட்டுப் போவது யெரிதா, அதாவது இறக்கம். போனவரைக் குத்திக்காட்டவும் இந்தச் சொல் உதவும்!

புதிதாக வருபவர்களுக்கு முதல் சில மாதங்கள் அரசு தவணை தவணையாகத் தரும் பணம் ‘சால் கிலிதா’. சால் என்றால் கூடை, கிலிதா என்றால் உள்வாங்குதல். எபிரேயம் கற்றுத்தரும் வகுப்புக்குப் பெயர் உல்பான். கேரளத்திலிருந்து போன ஓலிமும் உண்டு. 1954இல் நெகேவ் பாலைவனத்து நெவாத்திமில் குடியமர்த்தப்பட்ட கொச்சி யூதர்கள் மலையாளம் பேசிக்கொண்டு போய் இறங்கியவர்கள். பின்னாளில் அங்கே பசுமைக்குடில் போட்டுப் பூ வளர்த்தார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘புலம்பெயர்தல்’ விட்டுப் போவதைச் சொல்கிறது, போய்ச் சேர்வதை அல்ல. ‘நாடு திரும்பல்’ என்றால், அங்கே பிறக்கவே இல்லாதவர் எப்படித் திரும்புவார்? ‘குடியேற்றம்’ என்பதில் ஏற்றம் தானாகவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ‘யூதக் குடியேற்றம்’ என்று எழுதினால் நம் வாசகர் மேற்குக் கரைக் குடியிருப்புகளைத்தான் நினைப்பார். அதனால் ‘தாயகக் குடியேற்றம்’ என்பேன். தாயகம் என்பது அவர்கள் பார்வை, சொல்லும் அவர்களுடையதுதானே. சால் கிலிதாவுக்குக் கூடையெல்லாம் வேண்டாம், ‘குடியமர்வு உதவித்தொகை’ போதும்.

தோரா வாசிக்கப் போவதை மட்டும் அலியா என்றே விட்டுவிடலாம். அங்கே யாரும் குடியேறுவதில்லை.