ஒரே 90.4, ஊருக்கொரு குரல்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் வீட்டு ரேடியோவில் 90.4 வைத்தால் பாம்பனிலிருந்து 'கடல் ஓசை' என்ற சமூக வானொலி வருகிறது. மகள் சென்னையில் கிண்டியில் படிக்கிறாள். அவளும் அதே 90.4 வைக்கிறாள், அவளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வருகிறது. "ஒரே நம்பரை ரெண்டு பேருக்கு எப்படிக் கொடுத்தாங்க? மோதிக்காதா?" என்று கேட்கிறார்.

இரண்டு பேரோடு நின்றால் பரவாயில்லை. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் கிராமத்தில் தலித் பெண்கள் 2008 முதல் நடத்திவரும் சங்கம் ரேடியோவும் 90.4தான். இந்தியாவில் இப்போது இப்படி லாப நோக்கமில்லாமல் ஓர் ஊருக்காக நடக்கும் சமூக வானொலிகள் சுமார் 500 இருக்கின்றன. அவற்றுக்கென்று ஒதுக்கப்படும் எண்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் 90.4, 107.8 போன்ற எண்களை நாடெங்கும் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்கின்றன.

முதல் பாதி பதிலைப் பள்ளிப் பாடத்திலிருந்தே சொல்லிவிடலாம். பண்பலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வட்டாரத்தில் ஓடுகிறது. இந்த அலைகள் சிற்றலை மாதிரி அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதில்லை, கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகின்றன. சமூக வானொலியின் ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, வீசும் திறன் பொதுவாக 100 வாட் என்பது விதி. 30 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் அலைக்குத் தொடுவானம் ஏறத்தாழ 23 கிலோமீட்டரில் வந்துவிடும். கேட்பவர் மாடியில் இருந்தால் இன்னும் சில கிலோமீட்டர். அதற்கப்புறம் பூமியின் வளைவே மறைத்துவிடுகிறது. பாம்பனுக்கும் கிண்டிக்கும் நேர்கோட்டிலேயே 400 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பூமி ஒரு மதில் போல நிற்கிறது. வாசகரின் கேள்விக்கு இது போதும்.

ஆனால் எனக்குப் போதவில்லை. மதில் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதில்தான் பண்பலையின் அழகே இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை புதுச்சேரிக்குப் பேருந்தில் போனேன். கையில் சின்ன ரேடியோ, காதில் ஹெட்போன், 93.5-ல் சூரியன். சென்னையிலும் புதுச்சேரியிலும் அந்த நிலையத்துக்கு ஒரே எண், ஆனால் நிகழ்ச்சி வேறு வேறு. மரக்காணம் நெருங்கும்போது சென்னைப் பாட்டில் சரசரப்பு ஏறியது. சட்டென்று புதுச்சேரி விளம்பரம். இரண்டு வினாடி கழித்து மறுபடியும் சென்னைப் பாட்டு, விட்ட இடத்தைத் தாண்டி வேறொரு வரியில். உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. அப்போது பாட்டு மட்டும். ஐந்தாறு அடி நகர்ந்தது, விளம்பரம் மட்டும். இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே நேரத்தில், சந்தைக் கூச்சல் போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்கவே இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் போடுவது போல இருந்தது.

மத்திய அலையில் இப்படி நடக்காது. இரவில் பழைய ரேடியோவில் மத்திய அலை கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு நிலையத்தின் செய்திக்கு அடியில் இன்னொரு நிலையத்தின் பாட்டு, இரண்டுக்கும் மேலே விடாத ஒரு விசில். எல்லாம் சேர்ந்துதான் வரும். பண்பலையில் மட்டும் பலமானவர் மேடையை முழுசாக எடுத்துக்கொள்கிறார், பலம் குறைந்தவர் கேட்காமலே போகிறார். இதைக் கவர்தல் விளைவு என்று சொல்லலாம்.

ஏன் இப்படி? பண்பலையில் குரல் அலையின் உயரத்தில் இல்லை, அது அதிரும் வேகத்தில் இருக்கிறது. 90.4 என்பது நடுவிடம். அறிவிப்பாளர் பேசப் பேச அதிர்வெண் அதற்கு மேலும் கீழும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடுகிறது. அந்த ஆட்டத்தை அளந்துதான் ரேடியோ ஒலியாக்குகிறது. அலையின் வீச்சு, அதாவது உயரம், ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. உள்ளே லிமிட்டர் என்றொரு பகுதி, வரும் அலை எந்த உயரத்தில் வந்தாலும் தலையைச் சீவி ஒரே மட்டமாக்கிவிடும். அப்புறம் ரேடியோ எண்ணுவதெல்லாம் ஒன்றுதான்: அலை வினாடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது?

இங்கே சென்னை தீவுத்திடல் பொருட்காட்சிக்கு வாருங்கள். அங்கே ஒரு ராட்டினம் இருக்கும். பெரிய தட்டு சுற்றும், தட்டின் மேல் இருக்கும் கோப்பைகளும் தனியாகச் சுற்றும். நீங்கள் தட்டின் நட்ட நடுவில் நிற்கிறீர்கள். உங்கள் குழந்தை ஒரு கோப்பையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் வேலை அவளை விடாமல் பார்த்துக்கொண்டே திரும்புவது. தட்டு ஒரு வேகத்தில் சுற்றுகிறது, கோப்பை அதன் இஷ்டத்துக்கு வேறு வேகத்தில் சுற்றுகிறது. தட்டு நூறு சுற்று முடித்தபோது நீங்கள் எத்தனை முறை திரும்பியிருப்பீர்கள்?

நூறு. கோப்பை எவ்வளவு வேகமாகச் சுற்றியிருந்தாலும் நூறேதான். குழந்தை கொஞ்சம் முன்னே போவாள், கொஞ்சம் பின்னே வருவாள், உங்கள் கழுத்து இப்படியும் அப்படியும் ஆடும். ஆனால் அவளால் உங்களைத் தாண்டி மறுபக்கம் போக முடியாது. காரணம், உங்களிடமிருந்து கோப்பையின் மையம் வரையுள்ள தூரத்தைவிடக் கோப்பையின் ஆரம் குறைவு. இப்போது கோப்பையைப் பெரிதாக்கிக்கொண்டே போவோம். ஆரம் அந்தத் தூரத்தில் பாதியானால் உங்கள் கழுத்து 30 டிகிரி வரை ஆடும். பத்தில் ஒன்பது பங்கானால் 64 டிகிரி. ஆடினாலும் சுற்றின் எண்ணிக்கை மாறவில்லை, இன்னும் தட்டின் கணக்குதான். ஆரம் அந்தத் தூரத்தை ஒரு இம்மி தாண்டட்டும். குழந்தை உங்களையே சுற்றிவர ஆரம்பிப்பாள். அந்தக் கணத்திலிருந்து நீங்கள் எண்ணுவது கோப்பையின் சுற்றுகளை. தட்டின் கணக்கு போயே போய்விட்டது.

தட்டு பலமான நிலையம், கோப்பை பலம் குறைந்த நிலையம், நடுவில் நிற்கும் நீங்கள் ரேடியோ. பாதி அவர், பாதி இவர் என்பதற்கு இடமே கிடையாது. யார் ஒரு இம்மி பெரியவரோ அவர் எண்ணிக்கை மட்டும் தேறும். காகிதத்தில் ஒரு நீளக் கோடும் அதன் நுனியில் ஒரு குட்டிக் கோடும் வரைந்து திருப்பிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். முதல்முறை நான் அப்படி வரைந்து பார்த்த சாயங்காலம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, கழுத்து ஆடியதே, அது எங்கே போயிற்று? அதுதான் காதில் விழும் சரசரப்பு. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு நிலையங்களும் தனித்தனியே 75 கிலோஹெர்ட்ஸ் வரை அலைகின்றன. எந்த ஒரு கணத்திலும் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பல பத்து கிலோஹெர்ட்ஸ் இருக்கும். கழுத்து ஆடும் வேகம் அந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. பண்பலை ஒலியின் எல்லையோ 15 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஆடுவதை ரேடியோவின் வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டு பேரும் மௌனமாக இருக்கும்போது வித்தியாசம் சில நூறு ஹெர்ட்ஸாகக் குறையலாம், அது காதுக்கு எட்டும் எல்லைக்குள் வரும். ஆனால் அப்போது ஆட்டத்தின் அளவும் சில நூறு ஹெர்ட்ஸ்தான். 75,000-க்குப் பக்கத்தில் அது ஒரு முணுமுணுப்பு. மத்திய அலையில் காதைக் கிழிக்கும் விசில் இங்கே அடங்கிப்போவது இதனால்தான். அலையை இவ்வளவு அகலமாக ஆடவிட்டதற்குக் கிடைத்த பரிசு என்று சொல்வேன்.

அகலமாக ஆடவிடலாம் என்று பிடிவாதமாக நின்றவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். 1922-ல் ஜான் கார்சன் என்ற பொறியாளர், அதிர்வெண்ணைக் கொஞ்சமாக ஆட்டி இடத்தை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணத்தில் பயனில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஆர்ம்ஸ்ட்ராங் எதிர்ப்பக்கம் போனார். இடத்தை மிச்சப்படுத்தாதே, தாராளமாகச் செலவழி, இரைச்சல் அடங்கும் என்றார். 1933 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. ஆனால் மத்திய அலையில் முதல் போட்டவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1945-ல் அமெரிக்க அரசு பண்பலையை வேறு அலைவரிசைப் பட்டைக்கு மாற்றியதும், அதுவரை விற்ற ரேடியோக்கள் எல்லாம் வீணாயின. வழக்குகளில் சோர்ந்து 1954-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் விடாமல் வழக்காடி, 1967-ல் கடைசி வழக்கையும் வென்றார். ஒரு நல்ல யோசனை ஒரு கம்பெனியின் வரவு செலவுக்கு இடைஞ்சல் என்பதற்காகத் தள்ளிப்போகக் கூடாது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் வேண்டும் என்று நான் பேசும்போதெல்லாம் மனதில் இருப்பவர் இவர்தான்.

கவர்தல் விளைவை வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது இன்றும் வீச்சுப் பண்பேற்றத்தில்தான், அதாவது மத்திய அலை போலக் குரலை அலையின் உயரத்தில் ஏற்றும் முறையில். இரண்டு விமானிகள் ஒரே நேரத்தில் பேசினால் விசில் அடிக்கும். அந்த விசில் வேண்டும். பண்பலையாக இருந்தால் தூரத்து விமானியின் குரல் இருந்ததே கோபுரத்துக்குத் தெரியாமல் போகலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜெயிப்பது வேறு, சுத்தமாக ஜெயிப்பது வேறு. நல்ல ரேடியோவில் ஒரு நிலையம் இன்னொன்றைக் கவர ஓரிரு டெசிபல் முன்னிலை, அதாவது திறனில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, போதும். ஆனால் சரசரப்பில்லாமல் மோனோவில், அதாவது இடது வலது பிரிக்காத ஒரே ஒலியாக, கேட்க, பலமான அலையின் திறன் மற்றதைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. ஸ்டீரியோவுக்கு 30,000 மடங்குக்கும் மேல். ஸ்டீரியோவின் இடது வலது விவரம் 38 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, கழுத்தாட்டத்தின் தொல்லை அங்கேதான் அதிகம். அதனால் எல்லையோரத்தில் சரசரத்தால் மோனோவுக்கு மாற்றிப் பாருங்கள், பாதித் தொல்லை தீரும். ஒரே எண்ணைக் கொடுக்கும்போது அதிகாரிகள் ஊர்களைத் தள்ளித் தள்ளி வைப்பது இந்த 4,000-க்காக. பூமியின் வளைவு கைகொடுப்பதும் இதற்குத்தான்.

இந்த இடத்தில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அலைவரிசை மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. 2002-ல் சமூக வானொலி நடத்தக் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது, 2004 பிப்ரவரியில் அண்ணா எஃப்.எம். வந்தது. 2006-ல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 30 மீட்டர் கம்பத்தோடு ஒரு எண்ணை நூறு ஊர்கள் பகிர்ந்துகொள்ள இயற்பியல் இடம் கொடுக்கிறது. 140 கோடி பேருக்கு 500 நிலையம் என்பது மிகவும் குறைவு. பாம்பன் மீனவருக்கு வேண்டிய காற்று நிலவரத்தை அவர் பேச்சுவழக்கிலேயே சொல்ல ஒரு நிலையம் இருப்பது போல, மலையில் இருப்பவருக்கும் டெல்டாவில் இருப்பவருக்கும் இருக்க வேண்டும்.

இதே இயற்பியலை வைத்து மக்களைப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பாழடைந்த வீட்டில் ஒரு பெட்டியை வைத்து "ஆவி பேசுகிறது" என்று காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டி ஒரு ரேடியோ. எந்த எண்ணிலும் நிற்காமல் அலைவரிசைகளை வேகமாக வருடிக்கொண்டே போகும். ஒரு நிலையத்தின் அரைச் சொல், அடுத்ததன் கால் சொல் வந்து விழும். கவர்தல் விளைவால் ஒவ்வொரு துண்டும் கலப்படமில்லாமல், பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாக விழும். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துத் தவிப்பவர்களிடம் இதைக் காட்டிக் காசு பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

அப்படியானால் தூரத்துக் குரல் வரவே வராதா? வரும். அது கடலின் வேலை. காற்றசையாத சில இரவுகளில் கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்றும், அதற்கு மேலே உலர்ந்த வெப்பக் காற்றும் அடுக்காகப் படியும். அலை அந்த அடுக்கில் வளைந்து கீழே இறங்கும், கடல்மட்டத்தில் பட்டு மேலே போகும், திரும்பவும் வளையும். குழாய்க்குள் தண்ணீர் ஓடுவது போல, பூமியின் வளைவைச் சட்டை செய்யாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். மதில் விழுந்த மாதிரிதான். அந்த நேரத்தில் ராட்டினக் கணக்கு மறுபடியும் தொடங்குகிறது: தட்டு யார், கோப்பை யார்?

தங்கச்சிமடத்து வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பாம்பன் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்கள் வீட்டில் தட்டு எப்போதும் கடல் ஓசைதான். ஆனால் அதன் ஒலிபரப்பு நின்றிருக்கும் நேரத்தில், புழுக்கமான, அலை அடங்கிய ஒரு இரவில் ரேடியோவை மோனோவில் வைத்து ஆன்டெனாவை 83 சென்டிமீட்டர் நீட்டுங்கள். அது 90.4-ன் அலைநீளத்தில் கால் பங்கு. வேறு ஏதாவது குரல் வந்தால் தேதி, மணி, காற்றின் திசை, என்ன மொழி என்று ஒரு நோட்டில் குறித்து எனக்கு அனுப்புங்கள். ஒரு கோடைக்காலம் முழுக்கக் கடலோரத்தில் பத்து வீடுகளில் இப்படிக் குறித்தால், பாக் நீரிணை மேல் அந்தக் காற்று அடுக்கு எந்தெந்த இரவுகளில் படிகிறது என்று வரைந்துவிடலாம்.